காவலுக்கு நின்ற நெஞ்சு

அதே வெடிதான். அதே வரம்பு, அதே நேரம். எனக்கும் என்ட தங்கச்சி வசந்திக்கும் நடுவில ஒரு சோத்துப் பெட்டி மட்டும்தான் கிடந்தது. வெடிச் சத்தத்துக்கு அவள் ஒருக்காத் திடுக்கிட்டாள், மறுகா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள். நான் ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தன்.

இதை எழுதச் சொல்லி என்னை ஒருத்தரும் கேக்கல்ல. ஆனா அந்த ஆறு நாளும் கட்டிலைச் சுத்தி நிண்டவங்க எல்லாரும் "அவவுக்கு மனத்தைரியம் காணாது, அதான்" எண்டு எனக்குக் கேக்கக் கேக்கக் கதைச்சாங்க. அதுக்கு நான் ஒரு மறுமொழி சொல்லத்தான் வேணும். கோவம் வந்தா எனக்கு வாயால சொல்லுறதை விட எழுதுறது நல்லா வரும்.

என்ட பேர் யோகம். வயசு ஐம்பதைத் தொடப்போகுது. வெல்லாவெளிப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரை. எங்கட வட்டைக்கு நான்தான் விதானை. வட்டை எண்டா ஒரு வாய்க்கால் தண்ணியில விளையிற வயல் முழுக்க. விதானை எண்டா அந்தத் தண்ணியை முறை வைச்சுப் பிரிச்சு விடுற ஆள். பொம்பிளை விதானை எண்டு முதல் வருசம் சிரிச்சாங்க. பதினாலு வருசம் போயிற்று, இப்ப ஒருத்தரும் சிரிக்கிறதில்ல. ஏனெண்டா எங்கட வட்டையில கடைசி வயலுக்குத்தான் முதல் தண்ணி. மேல்வயல்காரர் எடுத்து மிஞ்சினதைக் கீழ விட்டா அது கீழ ஒருநாளும் போய்ச் சேராது. வாய்க்கால் கதவை யாரும் களவாத் திறக்கக் கூடாதெண்டு அதைத் திருப்புற இரும்புக் கைபிடியைக் கழட்டிக் கொண்டு வந்து என்ட குசினிக் கதவுக்குப் பின்னால கொழுவி வைப்பன். அதை நான் ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்ல.

சிறுபோகம், கோடை வேளாண்மை. நெல்லு குடலையில நிண்ட நேரம், அதாவது கதிர் வெளிய வராம உள்ளுக்க திரண்டு கொண்டு நிக்கிற பருவம். அப்ப ஒரு கிழமை தண்ணி தப்பினாலும் பதர்தான் மிஞ்சும். அண்டைக்குக் காலமை தனியன் யானை ஒண்டு பட்டப்பகலில வயல் கரைக்கு வந்து நிண்டது. ஆம்பிளையள் யானை வெடி கொளுத்தி எறிஞ்சாங்க. எறிஞ்சவன்ட கை வளமோ என்னவோ, அது யானைப் பக்கம் போகாம எங்களுக்குப் பின்னால விழுந்து வெடிச்சிது.

நெஞ்சில ஆரோ முழங்காலை வைச்சு ஊண்டின மாதிரி இருந்தது. மூச்சு உள்ள போகுது, வெளிய வரமாட்டன் எண்டுது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. நான் வரம்பில குந்திற்றன்.

"அக்கா, நடிக்காத," எண்டாள் வசந்தி, சிரிச்சுக்கொண்டே. மறுகா என்ட முகத்தைப் பாத்தாள். சோத்துப் பெட்டியைத் தட்டிப்போட்டுப் பாய்ஞ்சு வந்து பிடிச்சாள்.

கிட்ட இருந்த ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. எடுத்தவர் அந்தத் துண்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடியும் துண்டைப் பாத்தார். மாரடைப்பு மாதிரி இருக்கு எண்டு அம்புலன்சில டவுனுக்கு அனுப்பினாங்க. பாலம் தாண்டக்குள்ள கண்ணாடியால வாவி தெரிஞ்சுது. ஒரு மனிசன் தோணியில இருந்து ஆறுதலா வலையை இழுத்துக்கொண்டிருந்தான். நான் இஞ்ச சாகப்போறன், அவனுக்கு ஒரு அவசரமும் இல்ல எண்டு எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில கிடந்த பயத்தையும் சொல்லத்தான் வேணும். என்ட மனிசனுக்குத் தேத்தண்ணி வைக்கத் தெரியா. வியாழக்கிழமை தண்ணி முறை. கதவை ஆர் திறக்கிறது?

டவுன் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. இதயத் தசை காயப்பட்டா ரத்தத்தில ஒரு பொருள் கசியுமாம், அது எனக்குக் கூடியிருந்தது. அடுத்த நாள் அஞ்சியோகிராம். அதுக்குக் காத்துக்கொண்டு நடைபாதையில தள்ளு கட்டிலில படுத்திருந்தது ரெண்டு மணித்தியாலம். அந்த ரெண்டு மணித்தியாலமும் நான் சத்தங்களை எண்ணினன். லிப்ட் கதவு, சக்கரம், ஆரோட செருப்பு, தட்டு விழுகிற சத்தம். தட்டு விழுந்த நேரம் பக்கத்தில படுத்திருந்த வயசாளி கண்ணைக்கூட முழிக்கல்ல. நான் எழும்பி இருந்திற்றன். நேர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து, "என்னம்மா, படுங்க," எண்டு தோளைப் பிடிச்சுச் சாய்ச்சா.

அஞ்சியோ எண்டா ஒண்டுமில்ல. மணிக்கட்டில ஊசி போட்டு மரத்துப்போக வைச்சு, நூல் மாதிரி ஒரு குழாயை இதயம் மட்டும் விட்டு, சாயம் ஏத்திப் படம் பிடிக்கிறது. நோவு பெரிசா இல்ல. சாயம் ஏறக்குள்ள உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடும், அவ்வளவுதான். பயந்துகொண்டிருக்கிறவங்க இருந்தா இதைக் கேட்டு ஆறட்டும்.

முடிவைச் சொன்னது ஏறாவூர்ப் பக்கத்து டொக்டர் புள்ள. முக்காடு போட்ட, முப்பது வயசைத் தாண்டாத புள்ள. கட்டில் விளிம்பில இருந்து கதைக்கிற பழக்கம் அவவுக்கு.

"அம்மா, உங்கட குழாயில அடைப்பு ஒண்டும் இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்ப நெஞ்சு நொந்தது பொய்யா?"

"இல்லம்மா, அது உண்மை. எக்கோ ஸ்கேனில பாத்தம். இதயத்தின்ட கீழ்ப்பக்கம் ஊதிப்போய், சுருங்காம நிக்குது. திடீரெண்டு பயந்தா, கவலைப்பட்டா உடம்பில அட்ரினலின் எண்டு ஒண்டு சுரக்கும். அது அளவுக்கு மிஞ்சி வந்தா இதயத் தசை கொஞ்ச நாளைக்கு வேலை செய்யாம நிண்டிரும். உங்கட வயசுப் பொம்பிளையளுக்குத்தான் கூட வாறது. கவனமாப் பாத்தா கிழமைக்கணக்கில திரும்பி வந்திரும்."

நான் கேக்க நினைச்சதைக் கேட்டன். "என்ட தங்கச்சியும் அவடத்திலதான் நிண்டவள். ஒரே வயிறு, ஒரே சோறு. அவள் சிரிச்சாள். எனக்கு மட்டும் ஏன்?"

டொக்டர் தெரிஞ்ச மாதிரி நடிக்கல்ல. அது எனக்குப் பிடிச்சுது. "முழுக்கத் தெரியாதம்மா," எண்டா. "சிலருக்குப் பிறவியிலயே உடம்பில எச்சரிக்கை மணி கொஞ்சம் வெள்ளனையா அடிக்கும். சிலருக்குச் சின்ன வயசில பட்டது, பாத்தது எல்லாம் சேர்ந்து அந்த மணியை அப்படி ஆக்கிவிட்டிரும். மறுகா, நித்திரை இல்லாமை, எல்லாத்தையும் தனியச் சுமக்கிறது. ஆனா ஒண்டு சொல்லுறன், இது கோழைத்தனம் இல்ல. தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அதைப் பலகையில எழுதிக் கட்டில் தலைமாட்டில தொங்கவிடச் சொல்லி இருக்கலாம். ஏனெண்டா அண்டைக்குப் பின்னேரம் பாக்க வந்த சனம் எல்லாம் அடைப்பு இல்லையாம் எண்டதைக் கேட்ட உடன, "அப்ப நெஞ்சு வருத்தம் இல்ல, யோசிச்சு யோசிச்சு வந்தது," எண்டு முடிவு கட்டிற்றுது. ஒருத்தர் விடாம "ஒண்டுக்கும் யோசிக்காதகா" எண்டாங்க. கண்ணிருக்கிறவளைப் பாத்துப் பாக்காத எண்டு சொன்னா அவள் என்ன செய்வாள்?

என்ட மனிசன் கணேசன் நல்ல மனிசன். இதை எழுதக்குள்ள அவர் பக்கத்தில இல்ல, அதால உண்மையாத்தான் சொல்லுறன். காலமையும் பின்னேரமும் ரெண்டு பஸ் மாறி வந்து போனார். தோடம்பழம் உரிச்சு, கொட்டை எடுத்து, சுளையைக் கையில வைப்பார். மூண்டாம் நாள் மீன் சொதியும் இடியப்பமும் கொண்டு வந்தார். சொதியில உப்பில்ல. "நான்தான் வைச்சன்," எண்டு சொல்லக்குள்ள அவர்ட முகத்தைப் பாத்து முழுக்கக் குடிச்சன்.

ஆனா என்ட போன் அவரிட்ட இருந்தது. கேட்டா சார்ஜ் இல்லையாம்.

"நாளைக்கு வியாழக்கிழமை. தண்ணி விடுறது ஆர்?" எண்டு கேட்டன்.

"அதெல்லாம் நடக்கும். நீ யோசிக்காத."

"கைபிடி எங்க?"

"எங்க போகப்போகுது? இருக்கு," எண்டு காதைச் சொறிஞ்சார்.

இருபத்தைஞ்சு வருசம் ஒண்டா வாழுறன். அவர் காதைச் சொறிஞ்சா பொய். அந்த நிமிசத்தில இருந்து என்ட நெஞ்சு அடிக்கத் தொடங்கினது நிக்கல்ல. பின்னேரம் மிஸ்ஸி பிரசர் பாத்துப்போட்டு முகத்தைச் சுளிச்சா. அடுத்த நாள் காலமையும் அப்படித்தான். டொக்டர் வந்து, "என்னம்மா, ஏதும் நடந்ததா?" எண்டு கேட்டா.

"எனக்கு ஏதோ ஒளிக்கிறாங்க. என்ன எண்டு தெரியா. தெரியாட்டி நான் நூறு விதமா நினைப்பன்."

பக்கத்துக் கட்டிலில காத்தான்குடி உம்மா ஒருத்தி இருந்தா. பேர் ஹயாத்தும்மா. ஒண்டுக்கும் அலட்டிக்கொள்ளாத மனிசி. வார்ட்டில ஆர் அழுதாலும் வெத்திலைப் பையை எடுத்துப் பாத்து, மிஸ்ஸி நிக்கிறாவா எண்டும் பாத்து, திரும்ப வைப்பா. அவவுக்கு மூண்டு குழாயில அடைப்பு. "இஞ்ச பாருங்க புள்ள," எண்டா என்னைப் பாத்து. "நான் என்ட வாழ்நாளில ஒண்டுக்கும் பதறினதில்ல. என்ட குழாய் மூண்டும் அடைப்பு. நீங்க எல்லாத்துக்கும் பதறுறீங்க, உங்கட குழாய் சுத்தம். இனி ஆர் உங்களுக்குப் புத்தி சொன்னாலும் என்னைக் காட்டுங்க." அந்த ஆறு நாளில நான் வாய்விட்டுச் சிரிச்சது அப்ப மட்டும்தான்.

விசயம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கட வட்டையில மேல்வயல் செய்யிற சிவலிங்கம் பிஸ்கற் பையோட பாக்க வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம்.

"இனி நீங்க நிம்மதியா இருக்கலாம் யோகக்கா. அந்தத் தொல்லையும் உங்களுக்கு இல்ல. உங்கட வீட்டுக்காரர் கைபிடியை என்னிட்டத் தந்திற்றார். அவவால இனித் தாங்க ஏலா, வேற ஆளைப் போடுங்க எண்டு வட்டைத் தலைவரிட்டயும் சொல்லிற்றார். நேத்து நானே தண்ணி விட்டன்."

"எங்க முதல் விட்டீங்க?"

"வாய்க்கால் தலைப்பில இருந்துதான். கிட்ட இருக்கிறதுக்கு முதல் விட்டாத்தானே வேலை கெதியா முடியும்."

போயிற்று வாறன் எண்டார், தலையாட்டினன். கடைசியில இருக்கிற பதினொரு வயலும் கண்ணுக்கு முன்னால நிண்டது. பன்னிரண்டு மணிக்கு மிஸ்ஸி பிரசர் பாத்தா. "இப்ப நல்லா இறங்கியிருக்கம்மா, நல்லா நித்திரை கொண்டீங்களா?" எண்டா. நான் நித்திரை கொள்ளல்ல. கெட்ட செய்தி கேட்டனான். என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச உடன என்ட நெஞ்சு தன்ட வேலைக்குத் திரும்பிற்றுது. இதை டொக்டரிட்டச் சொன்னன். அவ சிரிக்காம, "எனக்கு விளங்குது," எண்டா.

பின்னேரம் கணேசன் தோடம்பழத்தோட வந்தார். சுளையை வாங்கல்ல.

"நீங்க என்ட கைபிடியைக் குடுத்தீங்க."

அவர் சுளையைத் திரும்பப் பைக்குள்ள வைச்சார். "நீ செத்துப்போவாய் எண்டு பயந்தன் யோகம்," எண்டார். அவர்ட குரல் உடைஞ்சு போச்சு. "அம்புலன்சில உன்ட கை பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. எனக்கு வேற ஒண்டும் தெரியல்ல. அந்த வேலைதான் உன்னைக் கொல்லுது எண்டு நினைச்சன்."

எனக்கும் அழுகை வந்தது. ஆனா விட்டுக்குடுக்கல்ல. "என்னைக் காப்பாத்த வேணுமெண்டா என்னிட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்க. எனக்குத் தெரியாம என்ட வாழ்க்கையில கை வைக்காதீங்க. இப்ப போனைத் தாங்க."

வசந்திக்கு எடுத்தன். அவள் என்னை விட நாலு வயசு இளமை. வாழ்நாளில ஒருக்காவும் ஓடி பஸ் பிடிக்காதவள். அடுத்தது வரும்தானே எண்டு நிப்பாள். "நாளைக்கு விடிய வாய்க்கால் வழியா நடந்து கடைசி வயல் மட்டும் போய்ப் பாத்திற்று எனக்குச் சொல்லு. ஒண்டும் ஒளிக்காத," எண்டன்.

மறுநாள் பின்னேரம் அவளே நேர வந்தாள். காலில சேறு காய்ஞ்சு கிடந்தது, தொண்டை கட்டியிருந்தது. கடைசிப் பதினொரு வயலும் வெடிச்சுக் கிடந்ததாம். கால் விரல் உள்ள போற வெடிப்பாம். சிவலிங்கத்தார் வீட்டு வாசலில நிண்டு கத்தி, கைபிடியை வாங்கி, மேல்வயல்காரர் ஏச ஏசக் கதவைத் திருப்பி, தண்ணி கடைசி வரம்பைத் தொடும் மட்டும் கூடவே நடந்திருக்கிறாள்.

"ரெண்டு தரம் மடையை மறிச்சாங்கள் அக்கா. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பாத்து எனக்குக் கழுத்து நோகுது. சோறு இறங்கல்ல. இப்பவும் நெஞ்சு அடிக்குது. நீ இதையா பதினாலு வருசம் செய்தாய்?"

"இல்லடி," எண்டன். "இது அதுக்கு முன்னுக்கே துவங்கினது."

அப்பதான் அவளுக்குச் சொன்னன். டொக்டர் சின்ன வயசைப் பத்திச் சொன்ன நாள் தொடக்கம் எனக்குள்ள கிடந்து உருண்ட கதை. எனக்குப் பதினொண்டு, அவளுக்கு ஏழு. ரோட்டால ஆமி வாகனம் வந்தா ஊர் காட்டுக்க ஓடுற காலம். மத்தியானம் எல்லாரும் சாப்பிட இருக்கக்குள்ள அப்பா என்னை வாசல் படலையடியில நிப்பாட்டுவார். "உனக்குத்தான் காது நல்லம். சத்தம் கேட்டாக் கத்து." வீட்டுக்குள்ள இருந்து கறி மணம் வரும். நான் ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பன். எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்சாத்தான் எனக்கு. எத்தினையோ நாள் ஒண்டுமில்லாததுக்குக் கத்தி, சோத்தை விட்டு ஓட வைச்சு, ஏச்சு வாங்கியிருக்கிறன். அதால ஒரு நாள் தூரத்தில சத்தம் கேட்டு, உழவு மெசின்தான், கத்தினா ஏசுவாங்க எண்டு பேசாம நிண்டன். அது உழவு மெசின் இல்ல. சாப்பிட்ட கையோட இருந்த அப்பாவை ஏத்திக்கொண்டு போனாங்க. நாலாம் நாள் திரும்பி வந்தார். என்னை ஒரு வார்த்தை கேக்கல்ல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அதுக்குப் பிறகு நான் எந்தச் சத்தத்தையும் சும்மா விட்டதில்ல.

வசந்தி என்ட கையைப் பிடிச்சாள்.

"எனக்கு அண்டைக்குத் திருக்கை மீன் கறி எண்டது மட்டும்தான் ஞாபகம்," எண்டாள். அழுதாள். "நீ வெளிய நிண்டது எனக்கு ஞாபகமே இல்ல அக்கா."

ஞாபகம் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் நிண்டது. ஒரே வீட்டில ஒருத்திக்கு ஏன் நெஞ்சு பதறுது, ஒருத்திக்கு ஏன் பதறல்ல எண்டு கேட்டா, டொக்டருக்குத் தெரிஞ்சதை டொக்டர் சொல்லிற்றா, எனக்குத் தெரிஞ்சது இதுதான். அவள் பயமில்லாமச் சாப்பிட்டாள், ஏனெண்டா அவளுக்கும் சேர்த்து நான் பயந்தன். இதைக் கோழைத்தனம் எண்டு சொல்லுறவங்க முதல்ல தங்கட சோத்துக்கு ஆர் வெளிய நிண்டது எண்டு கேட்டுப் பாக்கட்டும்.

அடுத்த நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினாங்க. ஹயாத்தும்மா என்ட கன்னத்தைத் தடவி, "பதறுங்க புள்ள, ஆனாச் சாப்பிட்டுற்றுப் பதறுங்க," எண்டு அனுப்பினா. டொக்டர் மருந்துக் குளிசைகளை விளங்கப்படுத்தினா. வேலையை விடத்தான் வேணுமா எண்டு கேட்டன். "விடச் சொல்லல்லம்மா. இதயம் தேறும் மட்டும் ஓய்வு. மறுகா தனியச் செய்யாதீங்க."

வட்டைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடிச்சார். அவருக்கு அதைப் போட்டது கணேசன். "உடம்புதான் முக்கியம் தங்கச்சி, இந்த விதானைப் பொறுப்பை..." எண்டு இழுத்தார்.

"கைபிடி குசினிக் கதவுக்குப் பின்னால கிடக்கு," எண்டன். "அவடத்திலதான் கிடக்கும். கூட்டம் வைச்சு என்னை நிப்பாட்டுறதெண்டா வையுங்க, நான் வந்து கதைப்பன். கடைசி வயல்காரர் பதினொரு பேரும் வருவாங்க." அவர் தேத்தண்ணி நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போனார். அந்தக் கூட்டம் வைக்கல்ல. கடைசிப் பதினொரு வயலில ரெண்டு பதராப் போச்சு. மிச்சம் தப்பிச்சுது.

ஆறாம் கிழமை எக்கோ எடுத்தாங்க. இதயம் பழையபடி சுருங்கி விரியுது எண்டு டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினா. அடுத்த போகத்து முதல் தண்ணிக்கு நான் வயலுக்குப் போனன். வசந்தி கூட வந்தாள், கைபிடியைத் தூக்கிக்கொண்டு. தண்ணி கடைசி வரம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் மருத மர நிழலில சோத்துப் பெட்டியைத் திறந்து எனக்குப் போட்டாள். தனக்குப் போடல்ல.

"நீ இருந்து சாப்பிடு," எண்டு சொல்லி எழும்பினாள். வரம்பில ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பாத்து நிண்டாள்.

சோத்தில கை வைச்சன். தூரத்தில ஒரு சத்தம் கேட்டுது. என்ட கை நிண்டுபோச்சு.

அவள் திரும்பல்ல. "உழவு மெசின்தான் அக்கா," எண்டாள். "நான் பாத்திற்றன். நீ சாப்பிடு."

திருக்கை மீன் கறி. இன்னும் சூடா இருந்தது.